மூப்பியல்: நம் பிள்ளைகள் கற்கவேண்டிய ஒரு கல்வி

வர்த்தகத்தில் ஈடுபட்டிருக்கும் நம்மவர் தம் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி யோசிக்கும்போது டாக்டர், வக்கீல், என்ஜினீயர், கணக்காய்வாளர் ஆகிய நான்கு உத்தியோகங்களையே பெரும்பாலும் நினைக்கின்றனர். இந்தப் பட்டியலில் இன்னும் இடம் பெறாத கல்வி ஒன்று உண்டு. அதன் பெயர் மூப்பியல். மனிதன் மூப்படைவதைப் பற்றியும், மூத்தோரின் உடல், மனம், குடும்பம், பொருளாதாரம் ஆகியவற்றைப் பற்றியும் முறையாக ஆராயும் கல்வியே அது. அக்கல்வி யாது, அது நமக்கு ஏன் வேண்டும், எங்கே கற்பது, கற்றவர்க்கு என்ன உத்தியோகம் என்பவற்றை வரிசையாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கடையநல்லூர், தென்காசி, நாகூர், காரைக்கால், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சபுர் வந்த நம் முன்னோரில் பலர், வாலிபத்தை இங்கே செலவிட்டனர். முதுமையை ஊரிலே கழித்தனர். உடல் தளர்ந்ததும் கடையை மகனிடமோ மருமகனிடமோ ஒப்படைத்துவிட்டு ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறி ஊர் திரும்புவது வழக்கமாக இருந்தது. அங்கே மனைவி இருந்தார், மகள் இருந்தார், தெரு முழுவதும் உறவினர் இருந்தனர். ஆகவே முதியவரைப் பராமரிப்பது எப்படி என்ற கேள்வி இங்கிருந்த வியாபாரிக்கு எழவே இல்லை. அந்தப் பாரத்தை ஊரிலிருந்த பெண்மக்கள் சத்தமின்றிச் சுமந்தனர்.

இன்று நிலைமை அப்படியன்று. நாம் இந்நாட்டுப் பிரஜைகள். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேதான் இருக்கின்றனர். நம் வீடும் மத்திய சேமநிதியும் வைத்தியமும் இங்கேதான். வாப்பாவும் உம்மாவும் இனி ஊர் திரும்பப் போவதில்லை; அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியிலோ பன்னிரண்டாவது மாடியிலோதான் மூப்படையப் போகின்றனர். பத்துப் பேர் இருந்த குடும்பத்தில் இன்று நால்வர். அவர்களிலும் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுவதும் முதியவருக்குத் துணை, அவர் மொழி அறியாத ஒரு பணிப்பெண்.

நாட்டின் கணக்கும் இதையே காட்டுகிறது. சிங்கப்பூர்ப் பிரஜைகளில் 65 வயதை எட்டியவர்கள் 2014ஆம் ஆண்டில் நூற்றுக்கு 12.4 பேர், 2024ஆம் ஆண்டில் நூற்றுக்கு 19.9 பேர். 2030இல் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அவ்வயதினராக இருப்பார் என்று அரசாங்கம் மதிப்பிட்டிருக்கிறது. மலேசியாவிலோ 60 வயதைக் கடந்தவர்கள் 2030இல் நூற்றுக்கு 15 பேர் ஆவர் என்பது எதிர்பார்ப்பு. இத்தனை மூத்தோருக்கும் பணிவிடை செய்யப் பாசம் மட்டும் போதாது. கற்றறிந்தவர்கள் வேண்டும்.

இக்கல்வி எப்படித் தோன்றிற்று?

மூப்பியல் என்னும் துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயரிட்டவர் ருஷ்ய விஞ்ஞானி எலி மெச்னிகாஃப். அது 1903ஆம் ஆண்டில். பின்னர் 1908இல் அவர் நோபல் பரிசும் பெற்றார். 1909இல் நியூயார்க் நகரத்து வைத்தியர் இக்னாட்ஸ் நாஷர், குழந்தை வைத்தியம் தனித்துறையாக இருப்பதுபோல் முதியோர் வைத்தியமும் தனித்துறையாக வேண்டும் என்று கூறி அதற்கும் ஒரு பெயரைக் கொடுத்தார். இரண்டும் ஒன்றல்ல. முதியோர் வைத்தியம் நோயைப் பார்க்கிறது. மூப்பியல் நோயையும், வீட்டையும், வருமானத்தையும், சட்டத்தையும், சமூகத்தையும் சேர்த்துப் பார்க்கிறது.

இக்கல்வியால் விளையும் பயனை அறிய ஒரு சரித்திரம் போதும். 1935ஆம் ஆண்டில் லண்டனுக்கு அருகில் மார்ஜரி வாரன் என்னும் பெண் டாக்டர், மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த ஏழைகள் விடுதி ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அங்கே 714 நோயாளிகள் இருந்தனர். இனித் தேறமாட்டார்கள் என்று கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் விடப்பட்ட முதியவர்கள் அவர்களில் பலர். அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார், என்ன நோய் என்று எழுதி வைத்தார், எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களில் கணிசமானோர் எழுந்து நடந்து வீடு திரும்பினர். அவர்களைக் கட்டிப் போட்டது முதுமை மட்டுமன்று. அவர்களை யாரும் எழுப்பவில்லை என்பதும் காரணம்.

அமெரிக்காவில் இதற்கென்றே தனிப் பள்ளி ஒன்று 1975இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. நம் தாய்த்தமிழகமும் இதில் பின்தங்கிவிடவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோர் வைத்தியத்தில் எம்.டி. பட்டப்படிப்பு, 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆரம்பமாயிற்று.

என்ன கற்பிக்கப்படுகிறது?

மூப்பியல் மாணவர் கற்கும் பாடங்கள் பல. அவற்றுள் சிலவற்றை ஈண்டு எடுத்துக்காட்டுகிறோம். இவை மாணவருக்கு மட்டுமன்றி, வீட்டில் முதியவர் உள்ள ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

(1) கையிருப்புக் குறைதல். வாலிபனின் இருதயத்திலும் சிறுநீரகத்திலும் தசையிலும் அன்றாடத் தேவைக்கு மேல் நிறையச் சக்தி கையிருப்பாக இருக்கிறது. வயது ஏற ஏற அது குறைகிறது. கைமுதல் நிறைய உள்ள கடை ஒரு மாத நஷ்டத்தைத் தாங்கும். குறைந்த முதலில் நடக்கும் கடை ஒரு வார நஷ்டத்திலேயே ஆட்டம் காணும். சாதாரணக் காய்ச்சல் வாலிபனை இரண்டு நாள் படுக்க வைக்கிறது. அதே காய்ச்சல் எண்பது வயதினரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆரோக்கியமான முதியவர்கள் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தனர். அந்தப் பத்து நாளில் அவர்களின் கால்களில் கொழுப்பு நீங்கிய சதை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்துவிட்டது. “வாப்பா, நீங்கள் எழும்ப வேண்டாம், எல்லாவற்றையும் நாங்கள் கொண்டு வருகிறோம்” என்று அன்போடு சொல்லும் மகன் இதை அறிந்திருப்பது நல்லது.

(2) குழப்பமும் மறதியும் வெவ்வேறு. நேற்றுவரை கல்லாவில் உட்கார்ந்து பற்றுவரவு பார்த்த பெரியவர் இன்று காலை நாள் தெரியாமல், மகனை அடையாளம் தெரியாமல் பேசினால், “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடலாகாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து போன்ற காரணங்களால் மூளை திடீரெனக் குழம்பும். இது வைத்தியத்தால் பெரும்பாலும் நீங்கக்கூடியது. அன்றே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியது. மறதிநோயோ மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. இவ்விரண்டையும் பிரித்தறிவது மூப்பியலின் முதற் பாடங்களுள் ஒன்று.

(3) மருந்துகளின் கணக்கு. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இரத்த அழுத்தத்துக்கு வேறொருவர், முழங்கால் வலிக்கு மூன்றாமவர். இவை போதாவென்று ஊரிலிருந்து வந்த லேகியம். ஐந்துக்கு மேற்பட்ட மருந்துகளை ஒருங்கே உண்ணும்போது ஒன்றோடொன்று மோதும் ஆபத்து அதிகம். மயக்கம், கீழே விழுதல், பசியின்மை ஆகியவை நோயால் அன்றி மருந்தாலேயே வருவதும் உண்டு. ரமலானில் இது இன்னும் கவனிக்கற்பாலது. நோன்பு வைக்கும் முதியவர் சிலர் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். சிலர் உணவின்றிச் சர்க்கரை மருந்தை மட்டும் உட்கொள்கின்றனர். நம் வழக்கங்களை அறிந்த தாதி இதை நோன்புக்கு முன்பே விசாரித்து டாக்டரிடம் தெரிவிப்பார். அறியாதவருக்கு அக்கேள்வியே தோன்றாது.

(4) மொழி. மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி நெடுநாள் நிலைப்பதும் பலரிடம் காணப்படுகின்றன. நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் வியாபாரம் செய்த பெரியவரும் இறுதியில் தமிழில் மட்டுமே தண்ணீர் கேட்கும் நிலை வரலாம். நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்விகளை அவருக்குப் புரியாத மொழியில் கேட்டால், இல்லாத நோயை இருப்பதாகவும் எண்ணிவிடக்கூடும். வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் அவர் கூச்சலிட்டால் அது முரட்டுத்தனம் என்று எழுதப்பட்டுவிடக்கூடும். தமிழ் பேசும் பராமரிப்பாளருக்கு இருக்கும் மதிப்பை இதனால் உணரலாம்.

(5) சட்டமும் பொருளும். சிங்கப்பூரில் மனவாற்றல் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 21 வயதை எட்டிய எவரும், தாம் தெளிந்த புத்தியோடு இருக்கும்போதே, பிற்காலத்தில் புத்தி தளர்ந்தால் தம் சார்பில் முடிவெடுக்க நம்பிக்கையான ஒருவரைப் பத்திரமூலம் நியமிக்கலாம். நீடித்த அதிகாரப் பத்திரம் என்பது அதுவே. வியாபாரிகள் இதை அவசியம் அறிய வேண்டும். கடையும் பாங்குக் கணக்கும் தந்தையின் பெயரில் மட்டும் இருந்து, அவருக்கு மறதிநோய் முற்றிவிட்டால், பத்திரம் இல்லாத பட்சத்தில் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போய் அதிகாரம் பெற வேண்டியிருக்கும். வாரிசுப் பங்கீடு மரணத்துக்குப் பின் நிகழ்வது. இது உயிரோடிருக்கும் காலத்துக்கான ஏற்பாடு. இரண்டையும் ஒன்றென எண்ணி அசட்டையாக இருப்பது நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

எங்கே கற்கலாம்?

மூப்பியலைத் தனிப்பட்டமாகக் கற்க விரும்புவோருக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பு உள்ளது. 2017ஆம் ஆண்டுக்கு முன் ‘யூனிசிம்’ என்று வழங்கிய பல்கலைக்கழகமே அது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது ஏற்றது. மலேசியாவில் புத்ரா பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டில் மூப்பியல் ஆய்வுக்கழகம் நிறுவப்பட்டது. அங்கே முதுநிலைப் பட்டத்துக்கும் டாக்டர் பட்டத்துக்கும் இத்துறையில் ஆராய்ச்சி செய்யலாம்.

ஆயினும் எடுத்த எடுப்பில் மூப்பியல் என்றே சேர வேண்டியதில்லை. முதலில் அடிப்படையான ஒரு தொழிலைக் கற்று, பின்னர் மூத்தோர் நலத்தில் தனித்தேர்ச்சி பெறுவதே பெரும்பாலோர் செல்லும் வழி. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும், நீ ஆன், நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தாதிமைப் படிப்பு உள்ளது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமையிலும் சமூக சேவையிலும் பட்டம் பெறலாம். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் இயன்மருத்துவமும் செயல்முறை மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. முன்னது நடையையும் தசையையும் சீர்படுத்துவது. பின்னது குளித்தல், உடுத்தல், சமைத்தல் முதலிய அன்றாடக் காரியங்களை முதியவர் தாமே செய்துகொள்ளப் பயிற்றுவிப்பது.

பள்ளிப் பருவம் கடந்தவர்களுக்கும் வழியுண்டு. கடையை மூடிவிட்ட ஐம்பது வயதுக்காரரும், பிள்ளைகளை வளர்த்து முடித்த தாய்மாரும் பராமரிப்புப் பயிற்சியில் சேரலாம். 40 வயதைக் கடந்த சிங்கப்பூர்ப் பிரஜைகளுக்கு, தெரிந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கென்று 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் உதவித்தொகை 2024 மே மாதத்திலிருந்து கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

கற்றவர்க்கு என்ன உத்தியோகம்?

ஆஸ்பத்திரிகளிலும் தாதிமை இல்லங்களிலும் தாதியாகவும், சிகிச்சையாளராகவும், நிர்வாகியாகவும் வேலைகள் உண்டு. வட்டாரம் தோறும் அமைந்துள்ள துடிப்பான மூப்படைதல் நிலையங்களில் உடற்பயிற்சி, கூட்டுச் சமையல், வீட்டுச் சந்திப்பு ஆகியவற்றை நடத்த ஆட்கள் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முதியவருக்கு எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைப்பாளர் என்ற உத்தியோகமும் உண்டு.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்த மாணவருக்கு வேறு வாசல்களும் திறந்திருக்கின்றன. சக்கர நாற்காலி, குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தளவோடு முதலிய பண்டங்களுக்குத் தேவை பெருகி வருகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மூத்தோர் வீடுகளில் இவற்றைச் சலுகை விலையில் பொருத்தும் திட்டத்தை 2012இல் தொடங்கியது. விழுங்கச் சிரமப்படுவோருக்கு ஏற்றவாறு மசித்த ஹலால் உணவு, அதுவும் நம் வாய்க்குப் பழகிய ருசியில், தயாரிக்கச் சாப்பாட்டுக்கடைக் குடும்பங்களை விடத் தகுந்தவர் யார்? ஆனால் எந்த முதியவருக்கு எவ்வளவு கெட்டியான உணவு ஆபத்தில்லாதது என்பது படித்தறிய வேண்டிய விஷயம். தாதிமை இல்லம் நடத்துவதும் கடை திறப்பதுபோல் நினைத்தவுடன் செய்யக்கூடியதன்று. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டின் சுகாதாரச் சேவைச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். முதல் இருந்தும் கல்வி இல்லையேல் இத்துறையில் கால் வைக்க இயலாது.

மாணவர் செய்யவேண்டிய முன்னேற்பாடு

உயிரியலை உயர்நிலைப் பள்ளியிலேயே கவனமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தோடு தமிழையும், முடிந்தால் மலாயையும் சரளமாகப் பேசப் பழக வேண்டும். தமிழ் வகுப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் சகித்துக்கொள்ளும் மாணவர், இத்துறையில் அதுவே தமக்குச் சோறு போடும் தகுதி என்பதை அறிவாராக. விடுமுறை நாட்களில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்டு செய்து பார்க்க வேண்டும். மலம் துடைக்கவும், ஒரே கேள்விக்குப் பத்துமுறை பதில் சொல்லவும் மனம் இடங்கொடுக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். இடங்கொடாவிட்டால் சட்டம், நிர்வாகம், ஆராய்ச்சி என்று இத்துறையிலேயே வேறு கிளைகள் உள்ளன.

சில ஆட்சேபங்கள்

“இது பெண்கள் வேலை” என்பர் சிலர். வயது முதிர்ந்த ஆண்கள் பலர், தம்மைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண்கள் வருவதைக் கண்டு கூசுகின்றனர். அதனாலேயே குளிப்பதைத் தவிர்ப்பவரும் உண்டு. ஆகவே ஆண் பராமரிப்பாளர் மிகவும் தேவை.

“வருமானம் போதாது” என்பர் வேறு சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. பாங்கு உத்தியோகத்தைப் போல் ஆரம்பச் சம்பளம் இராது, இரவு வேலை உண்டு, முதுகு வலிக்கும், பழகிய முகங்கள் மறையும்போது மனமும் வலிக்கும். இவற்றை மறைத்துப் பிள்ளைகளை அனுப்புவது நியாயமன்று. ஆனால் தேவை குறையாத தொழில் இது. முதியோர் தொகை கூடும் காலத்தில் கற்றவர்க்கு வேலையில்லை என்ற நிலை வருவது அரிது. மேற்படிப்பும் அனுபவமும் சேரச் சம்பளமும் பதவியும் உயரும்.

“நம் பெற்றோரை நாமே பார்த்துக்கொள்வோம், அந்நியர் எதற்கு?” என்பதே பெரிய ஆட்சேபம். பெற்றோருக்குப் பணிவிடை செய்வது நம் கடமை என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அக்கடமையை எப்படிச் செய்வது என்பதையே இக்கல்வி கற்பிக்கிறது. அன்பு மிகுந்த மருமகளும், தூக்கும் முறை தெரியாமல் தூக்கினால் தன் இடுப்பையும் முதியவரின் தோளையும் காயப்படுத்திவிடுவார். வருஷக்கணக்கில் ஒரே பெண்ணின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, நாம் கடையிலிருந்து பணம் அனுப்பிக் கடமை தீர்ந்ததாக நினைப்பது, ஊரில் நடந்த பழைய முறையை இங்கே தொடர்வதே ஆகும்.

நாம் செய்யக்கூடியவை

வர்த்தகப் பெருமக்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, கல்வி உதவி நிதி வழங்கும்போது டாக்டர், வக்கீல் படிப்புகளுக்கு நிகராகத் தாதிமை, இயன்மருத்துவம், சமூக சேவை, மூப்பியல் ஆகிய படிப்புகளையும் சேர்த்துக்கொள்வது. இரண்டு, தாதிமை படிக்க விரும்பும் மகனையோ மகளையோ கௌரவம் கருதித் தடுக்காதிருப்பது. மூன்று, சங்கங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும், இத்துறையில் பணிபுரியும் நம் சமூகத்தவரை அழைத்து மாணவர்களிடம் பேசச் செய்வது.

தொழில் கற்பிக்க ஒரு பிள்ளையைக் கல்லாவுக்கு அருகில் உட்கார வைத்துப் பழக்கியவர்கள் நாம். அதே அக்கறையோடு, குடும்பத்துக்கு ஒருவரை இல்லாவிடினும், தெருவுக்கு ஒருவரை இக்கல்விக்கு அனுப்புவோமாயின், நாளை நம்மில் எவரேனும் தாதிமை இல்லத்துப் படுக்கையில் இருந்து தமிழில் தண்ணீர் கேட்கும்போது, கொண்டுவந்து கொடுக்க ஒருவர் அங்கே இருப்பார்.